கரைக்குப் போக மூன்று வார்த்தை

போன வாரம் என் மகன் இங்கிலீஷ் வீட்டுப்பாடத்தை எடுத்துவந்து என் முன்னால் நீட்டினான். அஷோர், லேண்ட்வர்ட், இன்லேண்ட். மூன்றுக்கும் ஒவ்வொரு வாக்கியம் எழுத வேண்டுமாம். பார்த்த மாத்திரத்தில் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. இந்தக் கருமத்தை இன்னும் விடவில்லையா இவர்கள் என்று சத்தம் போட்டுவிட்டேன். அவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தான் என்ன தப்புச் செய்தோம் என்று யோசிக்க ஆரம்பித்தான். பாவம், பிள்ளை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் எனக்கு அன்றைக்கெல்லாம் சோறு இறங்கவில்லை.

நியாயமாகக் கேட்கிறேன். நாங்கள் இருப்பது கோயமுத்தூரில். கிழக்கே போனாலும் சரி, மேற்கே பாலக்காடு தாண்டிப் போனாலும் சரி, பாதிப் பகல் வண்டியில் உட்கார்ந்தால்தான் கடல் கண்ணில் படும். கடலுக்குள் போனவனுக்குத்தானே கரைக்குத் திரும்ப விதவிதமாக வார்த்தை வேண்டும்? எங்களுக்கு இருப்பதெல்லாம் வாய்க்கால், குளம், ஆறு. இது எல்லாவற்றுக்கும் கரை என்று ஒரு சொல் இருக்கிறது. கரைக்கு வா, கரையேறு, கரையோரமாப் போ என்று அந்த ஒன்றை வைத்தே எங்கள் ஜனம் இத்தனை காலமும் ஒழுங்காக வீடு வந்து சேர்ந்திருக்கிறது. அதற்கு மேல் மூன்று வார்த்தையைக் கொண்டுவந்து எட்டு வயதுக் குழந்தையின் தலையில் கட்டினார்களே, அந்தக் குழந்தை நான்தான்.

அப்போது நாங்கள் பெருந்துறையில் இருந்தோம். அப்பாவுக்குத் தொழிற்பேட்டையில் ஒரு சாயக் கம்பெனியில் வேலை. அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தாள். எங்கள் இரண்டு பக்கத்துத் தாத்தாக்களும் கடைசிவரை ஊரார் தோட்டத்தில் மாடு ஓட்டியவர்கள். அதனால் என்னை இங்கிலீஷ் மீடியத்தில் போடுவது என்பது அம்மாவுக்கு ஒரு வைராக்கியம். நான் டை கட்டிக்கொண்டு தெருவில் நடக்கும்போது அவள் வாசலில் நின்று, நான் மூலை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். அவளை நான் குறை சொல்லவே மாட்டேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. உள்ளே யாரும் தமிழில் பேசக்கூடாது. பேசிவிட்டால் கழுத்தில் ஓர் அட்டையைக் கயிறு கட்டி மாட்டிவிடுவார்கள். அந்த அட்டையைக் கழற்ற ஒரே வழிதான் உண்டு. தமிழ் பேசுகிற இன்னொரு பிள்ளையை நாமே கையும் களவுமாகப் பிடித்து அதன் கழுத்தில் மாற்றிவிட வேண்டும். யாரும் பிடிபடாமல் மணி அடித்துவிட்டால் அட்டையோடுதான் பஸ் ஏற வேண்டும். நினைத்துப் பாருங்கள், அட்டை மாட்டிய பிள்ளை நாள் பூராவும் என்ன செய்யும்? காலில் கல் இடித்து யாராவது அம்மா என்று கத்த மாட்டார்களா என்று காத்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்கிற பிள்ளையையே வேவு பார்க்கும். யார் கண்டுபிடித்தார்களோ, நன்றாக இருக்கட்டும் அவர்கள். இதற்குப் பெயர் ஒழுக்கமாம்.

இது இப்படி இருக்க, அந்த வருஷம் கரஸ்பாண்டண்டுக்கு லோக்கல் கேபிள் டிவியில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு விளம்பரம் விட வேண்டும் என்று தோன்றிவிட்டது. பிள்ளைகள் சரளமாக இங்கிலீஷ் பேசுவதைக் காட்ட வேண்டும். எதைப் பேசுவது என்று இங்கிலீஷ் மிஸ்ஸிடம் கேட்டிருக்கிறார். மிஸ் அப்போது எங்களுக்கு நடத்திக்கொண்டிருந்த பாடம் இந்த மூன்று வார்த்தைகள். படகில் போகிறவர்கள் கரையைப் பார்த்துத் திரும்பினால் லேண்ட்வர்ட், கரையேறினால் அஷோர், கரையையும் தாண்டி நாட்டுக்குள் நடந்தால் இன்லேண்ட். படம் பிடிக்க அருமையாக இருக்கும் என்று இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டார்கள். கடலுக்கு எங்கே போவது? பவானி கூடுதுறைக்குப் போகலாம், ஆறு அகலமாகத்தான் இருக்கும், கேமராவில் கடல் மாதிரி காட்டிவிடலாம் என்று கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவர் தைரியம் சொல்லிவிட்டார். எங்கள் வகுப்பில் மூன்று பேரைப் பொறுக்கினார்கள். ஒரு பையன், ஒரு பெண், அப்புறம் நான். எனக்குத்தான் அதிக வசனம். போட்மேன், ரோ லேண்ட்வர்ட் என்பதும் எனக்கு. போட்மேன், டேக் அஸ் அஷோர் என்பதும் எனக்கு. படகில் ஏறினதிலிருந்து இறங்குகிறவரை ஒரு சொல் தமிழ் வந்தாலும் என்னை எடுத்துவிட்டு வேறு பிள்ளையை வைத்துவிடுவேன் என்று மிஸ் முதல் நாளே சொல்லிவிட்டார். நான் கனவிலும் லேண்ட்வர்ட் என்று உளறியதாக அப்பா பிறகு எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார்.

இங்கே என் மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மாவின் ஒரே தம்பி. அம்மா இடுப்பில் தூக்கி வளர்த்தவர். பவானியில் பரிசல் ஓட்டினார். லீவுக்கு அங்கே போனால் சாயங்காலம் சவாரி முடிந்ததும் என்னை மட்டும் பரிசலில் உட்காரவைத்து ஆற்றுக்கு நடுவில் கொண்டுபோவார். அங்கே போனதும் துடுப்பை ஒரே பக்கமாகப் போட்டுப் பரிசலைச் சுற்றுவார். கோயில் கோபுரம், பாலம், படித்துறை எல்லாம் என்னைச் சுற்றி ஓடும். "மாமான்னு கூப்புடு கண்ணு, கரைக்கு உடறேன்" என்பார். நான் லேசில் கூப்பிட மாட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன், கத்துவேன், இனித் தாங்காது என்கிற கட்டத்தில் மாமா என்று ஒரு சத்தம் போடுவேன். துடுப்பு மறுபக்கம் விழும். பரிசல் சொன்ன பேச்சுக் கேட்கிற மாடு மாதிரி நின்று, நேராகக் கரைக்குப் போகும். வேறு எந்த வார்த்தைக்கும் அது நிற்காது. இது எங்கள் இரண்டு பேருக்கும் உள்ள ஏற்பாடு.

இந்த விளையாட்டெல்லாம் எனக்கு ஐந்து வயது ஆகிறவரைதான். காரணம் என் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு மாமா வந்த பஸ் சித்தோட்டில் பழுதாகி நின்றுவிட்டது. நல்ல நேரம் போகிறது, நல்ல நேரம் போகிறது என்று அப்பா பக்கத்துப் பெரியவர்கள் பறந்தார்கள். கடைசியில் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் மடியில் என்னை உட்காரவைத்துக் குத்திவிட்டார்கள். மாமா தட்டில் பழமும் தேங்காயும் ஒரு ரோஜாக்கலர் கவுனுமாக வந்து நின்றபோது நான் அழுது முடித்து மிட்டாய் தின்றுகொண்டிருந்தேன். "ஒரு வார்த்தை, எந்தம்பி வரட்டும்னு சொல்லியிருக்கக் கூடாதாக்கா?" என்று மட்டும் கேட்டார். அம்மா ஏதோ பதில் சொன்னாள். அவர் தட்டைப் பாயில் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் போய்விட்டார்.

அதிலிருந்து மூன்று வருஷம் போக்குவரத்து இல்லை. எடுத்தெறிந்துவிட்டுப் போனவன் அவன், நான் எதற்குப் போக வேண்டும் என்று அம்மா. கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போவது என்று அவர். அந்த ரோஜாக்கலர் கவுனை அம்மா எனக்குப் போட்டுவிடவில்லை. யாருக்கும் கொடுக்கவும் இல்லை. பெட்டிக்குள் தன் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருந்தாள். அவன் வருகிற அன்றைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்பாள். நான் வளர்ந்துகொண்டிருந்தேன், கவுன் வளரவில்லை. அது அவளுக்குத் தெரியாதா என்ன.

விளம்பரம் எடுக்கப் போகிற காலையில் அம்மா எனக்கு ரெட்டைச் சடை பின்னினாள். வழக்கத்தைவிட இறுக்கிப் பின்னினாள். பின்னிக்கொண்டே, "அங்க உம் மாமன் இருப்பான் அம்மணி" என்றாள்.  என் மனசுக்குள் போட்மேன், ரோ லேண்ட்வர்ட் ஓடிக்கொண்டிருந்தது. ரிப்பனைக் கட்டி முடித்து என்னைத் திருப்பி நிறுத்தினாள்.

"பாத்தீன்னா, அம்மா கேட்டுதுன்னு சொல்லு. அவ்வளவு சொன்னாப் போதும், அவன் வந்துபோடுவான்."

மூன்று வருஷ வைராக்கியத்தை உதறிவிட்டு ஒரு பொம்பளை இறங்கிவந்து அனுப்பிய சேதி அது. அதைக் கொண்டுபோகிற வேலையை என்னிடம் கொடுத்தாள். நான் சரி என்று தலையாட்டிவிட்டு ஷூவுக்கு வெள்ளை பூசப் போனேன்.

கூடுதுறையில் பள்ளிக்கூட வேன் நின்றபோது பரிசல்காரர்கள் நாலைந்து பேர் படியில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா என்னைப் பார்த்துவிட்டார். அன்றைக்கு முதல் சவாரி வேறு யாருடைய முறையோ போலிருக்கிறது. அவர் அந்த ஆளிடம் ஏதோ சொல்லிவிட்டுத் தன் பரிசலை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தார். மூன்று வருஷத்தில் மீசை கொஞ்சம் அடர்ந்திருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நின்று பரிசலைப் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தார்.

"கண்ணு, இம்புட்டு வளந்துட்ட. உங்கம்மா நல்லாருக்குதா?"

என் பின்னால் மிஸ் நின்றார். மிஸ்ஸுக்குப் பக்கத்தில் அன்றைக்கு அட்டை மாட்டியிருந்த பையன், எங்கள் மூன்று பேரில் ஒருவன், என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அட்டையைச் சட்டைக்குள் விட்டிருந்தான், கேமராவில் தெரியக்கூடாது என்று. ஆனால் கயிறு வெளியே தெரிந்தது. நான் வாயைத் திறந்தால் அது என் கழுத்துக்கு வரும். வசனமும் போகும், டிவியும் போகும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த நொடியில் மூளை எப்படி வேலை செய்யும்? நான் சேதியை விட்டுவிடவில்லை. அம்மா சொன்னதை மனசுக்குள் தேடிப்பிடித்து இங்கிலீஷாக்கினேன்.

"மை மதர் ஆஸ்க்ட் யூ" என்றேன்.

மாமா சிரித்தபடியே இருந்தார். ஆனால் விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மிஸ் பின்னாலிருந்து, "ஆஸ்க்ட் அபவுட் யூ" என்று திருத்தினார். நான் திருத்திச் சொன்னேன். மிஸ் வெரி குட் என்று என் தலையைத் தட்டிக்கொடுத்தார். என் அம்மா தன் தம்பிக்கு அனுப்பிய சேதிக்கு அன்று கிடைத்தது ஒரு வெரி குட். இன்றைக்கும் அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போலிருக்கிறது.

பரிசலில் நாங்கள் மூன்று பேர், மிஸ், மாமா. வீடியோக்காரர் பின்னால் இன்னொரு பரிசலில் வந்தார். மாமா மறுபடியும் ஒரு தடவை மெதுவாக, "ஏங்கண்ணு, மாமன் மேல கோவமா?" என்று கேட்டார். நான் கேமராவைப் பார்க்காமல் இருப்பதில் மும்முரமாக இருந்தேன். மிஸ் அவரிடம், "குழந்தைங்க கூடப் பேசாதீங்க, ஷூட்டிங் நடக்குது" என்றார். மாமா துடுப்புப் போட்டார்.

நடு ஆற்றுக்கு வந்ததும் வீடியோக்காரர் கையைக் காட்டினார். நான் எழுந்து நின்று, ஒரு கையை நீட்டி, "போட்மேன், ரோ லேண்ட்வர்ட்" என்றேன். இரண்டு தடவை எடுத்தார்கள். நன்றாக வந்தது. அடுத்தது கரைக்குப் போகிற காட்சி. மாமா துடுப்பைத் தூக்கினார். தூக்கியவர் என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் பழைய விஷமம் வந்திருந்தது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. துடுப்பு ஒரே பக்கமாக விழுந்தது. பரிசல் சுற்ற ஆரம்பித்தது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததும் எனக்கு வந்தது சிரிப்பல்ல, கோபம். ஊரே பார்க்கப் போகிற படத்தில் இந்த மாமா இப்படிக் காரியத்தைக் கெடுக்கிறாரே என்று அழுகை முட்டியது. "போட்மேன், டேக் அஸ் அஷோர்" என்றேன். பரிசல் சுற்றியது. கோபுரமும் பாலமும் ஓடின. என்னோடு வந்த பெண் மிஸ்ஸின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். அட்டைப் பையன் மஞ்சளாக வாந்தி எடுத்தான். "அஷோர், அஷோர்" என்று நான் கத்தினேன். மாமா சுற்றுவதைக் கொஞ்சம் குறைத்து, என் வாயைப் பார்த்துக் காத்திருந்தார். பிறகு மறுபடியும் சுற்றினார். "லேண்ட்வர்ட்" என்றேன். இன்லேண்ட் கூடச் சொல்லிப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். மூன்று வார்த்தையும் தீர்ந்துபோனபோது எனக்கு எஞ்சியிருந்தது பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த இன்னொரு வார்த்தை. வாட்ச்மேனை, வேன் டிரைவரை, தண்ணீர் கேன் போடுகிறவரை எல்லாரையும் நாங்கள் கூப்பிடுகிற வார்த்தை.

"அங்கிள், ப்ளீஸ்" என்றேன்.

அவர் துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பரிசல் தானாக இன்னும் கொஞ்சம் சுற்றியது. பரிசலில் ஏறுகிற வெளியூர்ப் பிள்ளைகள் எல்லாம் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிட்டிருக்கும். அக்காள் மகளும் அதே வார்த்தையைச் சொன்னால் அந்த மனுஷன் என்னவென்று எடுத்துக்கொள்வார்? மாமன் என்று கூப்பிடாதே, பேசாதே என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்றுதானே?

அந்த நேரத்தில்தான் மிஸ் வாயைத் திறந்தார். பயத்தில் முகமெல்லாம் வேர்த்து, இரண்டு கையாலும் பரிசலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சுத்தமான எங்கள் ஊர்த் தமிழில் கும்பிடாத குறையாகக் கெஞ்சினார்.

"ஏனுங்ணா, கரைக்கு உடுங்ணா. உங்களுக்குப் புண்ணியமாப் போவுதுங்ணா."

"சரிங்க அம்மணி" என்றார் மாமா. பரிசல் நேராகக் கரைக்குப் போனது.

கவனித்தீர்களா? மிஸ்ஸுக்கு அவர் அண்ணன். அக்காள் மகளுக்கு அவர் அங்கிள். தமிழ் பேசியதற்காக மிஸ் கழுத்தில் யாராவது அட்டை மாட்டினார்களா? அந்தப் பையன் சட்டைக்குள்ளிருந்து அதை வெளியே எடுத்தான். நியாயமாகப் பார்த்தால் அவன் பிடித்துவிட்டான், கழற்றி மாட்ட வேண்டியதுதான். மிஸ்ஸை ஒரு தடவை பார்த்தான். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சட்டைக்குள் விட்டுக்கொண்டான்.

கால் படியில் பட்டதும் மிஸ்ஸுக்கு இங்கிலீஷ் திரும்பி வந்துவிட்டது. இடியட் என்றார், யூஸ்லெஸ் ஃபெல்லோ என்றார், கம்ப்ளெயிண்ட் பண்ணி உன் பரிசலை இங்கே நிற்கவிடாமல் செய்கிறேன் பார் என்றார். மற்றப் பரிசல்காரர்கள் எழுந்து நின்றார்கள். மாமா கையைக் கட்டிக்கொண்டு, "தெரியாமச் சுத்திப்போட்டனுங்க" என்று மட்டும் சொன்னார். அவர் தெரியாமல் சுற்றவில்லை என்பது அந்த ஆற்றங்கரையில் எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். இவர் என் மாமா என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று கேட்டால், அதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியும். மை அங்கிள். அதைத்தான் ஏற்கெனவே சொல்லிவிட்டேனே.

கடைசியாக நான் பரிசலிலிருந்து இறங்கினேன். பழைய நாளாக இருந்தால் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி இரண்டு படி மேலே வைப்பார். அன்று பரிசலை மட்டும் அசையாமல் பிடித்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்காமல், படியைப் பார்த்துச் சொன்னார்.

"பாத்து எறங்குங்க பாப்பா."

கேபிள் டிவியில் விளம்பரம் இரண்டு மாதம் ஓடியது. நான் கையை நீட்டிக் கத்துவது கொஞ்சம் வரும். குரலை எடுத்துவிட்டு ஏதோ சங்கீதத்தைப் போட்டுவிட்டார்கள். அந்த மூன்று வார்த்தைக்காகத்தானே இத்தனை கூத்தும்? அதையாவது ஒழுங்காகப் போட்டிருக்கலாம் அல்லவா? ஓரத்தில் துடுப்புப் பிடித்த ஒரு கை மட்டும் வரும், முகம் வராது. அது வருகிறபோதெல்லாம் அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். பள்ளிக்கூடத்தில் அடுத்த வருஷம் பிள்ளைகள் நிறையச் சேர்ந்தார்கள் என்று கேள்வி.

மாமா அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. நான் பெரியவளானபோது மாமன் கட்ட வேண்டிய பச்சை ஓலைக் குடிசையை இன்னொருவர் வந்து கட்டினார். என் கல்யாணத்துக்குத்தான், பத்திரிகையைத் தட்ட முடியாமல், அத்தையோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். அன்றைக்குச் சாப்பாட்டுப் பந்தியில் அத்தை என்னைத் தனியாக நிறுத்திக் கேட்டுவிட்டார்கள்.

"மாமான்னு ஒரு சொல்லு சொல்லியிருந்தா அன்னிக்கே உங்கூடவே ஊட்டுக்கு வந்திருப்பாங்க கண்ணு. அக்கா சொல்லிக் குடுத்துத்தான் புள்ள அங்கிளுங்குதுன்னு ராத்திரி முச்சூடும் பொலம்புனாங்க. நானும் இத்தன வருசமா உங்கம்மா மேலதான் வருத்தமா இருந்தேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கட்டிய பட்டுப் புடவையோடு பெருந்துறைக்குப் போய் அந்தப் பள்ளிக்கூட வாசலில் நின்று கத்தலாமா என்றிருந்தது. அக்கா தம்பிக்கு நடுவில் போக ஒரே ஒரு பிள்ளை இருந்தது. அதன் வாயை அட்டை போட்டு மூடிவிட்டு, அதற்குப் புத்திசாலிப் பிள்ளை என்று பெயர் வைத்தார்களே. அம்மாவும் கேட்டாள், மாமாவும் கேட்டார். இருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். ஒருவர் கேட்டதுகூட மற்றவருக்குப் போய்ச் சேரவில்லை.

ஆனால் இதெல்லாம் பின்னால் தெரிந்தது. அன்று சாயங்காலம் நான் வேனிலிருந்து இறங்கி வீட்டுக்கு ஓடியபோது எனக்கு இருந்ததெல்லாம் சந்தோஷம். அம்மா அன்றைக்குக் கம்பெனியிலிருந்து சீக்கிரம் வந்திருந்தாள். தலைக்குக் குளித்து, கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். மாமாவுக்கு அது பிடிக்கும் என்பது எனக்கு அப்போது நினைவில்லை. நான் ஷூவைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள்.

"மாமனப் பாத்தியா? சொன்னியா?"

"சொன்னேன். ரெண்டு தடவ சொன்னேன்." அது சத்தியம். மிஸ் திருத்திய பிறகு ஒரு தடவை, அதற்கு முன்னால் ஒரு தடவை.

"அதுக்கு என்ன சொன்னான்?"

நான் யோசித்தேன். பரிசலைச் சுற்றியதைச் சொன்னால் என்னைத் திட்டுவாளோ என்று அதை விட்டுவிட்டேன். மற்றது எனக்குப் பெருமையான விஷயம். டை கட்டியிருந்ததாலும் இங்கிலீஷ் பேசியதாலும்தான் அப்படி நடந்தது என்று நான் நிச்சயமாக நம்பினேன்.

"'பாத்து எறங்குங்க பாப்பா'ன்னாரும்மா. வாங்க போங்கன்னு எனக்கு மரியாதை குடுத்துப் பேசுனாரு."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அப்படியா சொன்னான் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சரி, சோறு தின்னு என்றாள். அவள் தின்னவில்லை. பசிக்கவில்லை போலிருக்கிறது என்று அவள் பங்குக் கருவாட்டையும் நான்தான் தின்றேன்.

மறுநாள் காலையில் அம்மா பெட்டியைத் திறந்து, கல்யாணப் புடவைக்கு அடியிலிருந்து அந்த ரோஜாக்கலர் கவுனை எடுத்து உதறினாள். பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு அதற்குப் போட்டுவிட்டு, முதுகில் பட்டனையும் போட்டு அனுப்பிவிட்டாள். நான் ஒன்றும் நினைக்கவில்லை. எனக்குத்தான் அது எப்போதோ சின்னதாகிவிட்டிருந்ததே.